எல்லைக் கோடும் வாக்கின் மதிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் நினைவு நேரே வாஷிங்டன் நகருக்குச் செல்கிறது. ஜனாதிபதி, காங்கிரஸ், சுப்ரீம் கோர்ட் ஆகிய மூன்றைப் பற்றியும் நாம் ஓரளவு அறிவோம். ஆனால் அந்நாட்டுக் குடிமகனின் அன்றாட வாழ்வைத் தொடும் சட்டங்களுள் பெரும் பகுதி வாஷிங்டனில் இயற்றப்படுவதில்லை. பள்ளிக்கூடம், சாலை, போலீஸ், சொத்துரிமை, குற்றத் தண்டனை, தேர்தல் நடைமுறை ஆகியவை பெரும்பாலும் ஐம்பது ராஜ்யங்களின் சட்டசபைகளுக்கு உரியவை. நெப்ராஸ்கா ஒன்று நீங்கலாக ஏனைய 49 ராஜ்யங்களிலும் சட்டசபை இரு சபைகளைக் கொண்டது. அவற்றுள் மேல்சபைக்குச் செனட் என்று பெயர். நெப்ராஸ்கா ராஜ்யம் 1937 முதல் ஒரே சபையுடன் நடந்து வருகிறது. அங்கும் உறுப்பினர்களைச் செனட்டர்கள் என்றே அழைக்கிறார்கள்.

மேல்சபை என்றவுடன் நம் நாட்டுச் சட்ட மேலவைகளை நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். 1986 வரை தமிழ்நாட்டிலும் அத்தகைய மேலவை ஒன்று இருந்தது. ஸ்தல ஸ்தாபனங்கள், பட்டதாரிகள், ஆசிரியர்கள், கீழ்ச்சபை உறுப்பினர்கள் ஆகியோர் தேர்ந்தெடுப்பவர்களும் கவர்னர் நியமிப்பவர்களும் நம் மேலவைகளில் அமர்கிறார்கள். அமெரிக்க ராஜ்ய செனட்டின் அமைப்பு அவ்வாறானதன்று. ராஜ்யம் முழுவதும் செனட் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் வாழும் மக்கள் தம் செனட்டரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலான ராஜ்யங்களில் அவருடைய பதவிக் காலம் நான்கு ஆண்டுகள். சிலவற்றில் இரண்டு ஆண்டுகள். அலாஸ்கா செனட்டில் 20 பேர். மின்னஸோட்டாவில் 67 பேர். கலிபோர்னியாவில் 40 பேரே உள்ளனர் என்பதால், அங்கு ஒரு செனட்டர் ஏறத்தாழ பத்து லட்சம் மக்களின் பிரதிநிதியாகிறார். வட டக்கோட்டாவிலோ ஒரு செனட் தொகுதியில் வாழ்பவர்கள் இருபதாயிரத்துக்கும் குறைவு.

ராஜ்யத்துக்கு ராஜ்யம் இவ்வளவு வேறுபாடு இருப்பதில் தவறில்லை. ஒரே ராஜ்யத்துக்குள் ஒரு குடிமகனின் வாக்குக்கு ஒரு மதிப்பும் மற்றொருவரின் வாக்குக்கு வேறொரு மதிப்பும் இருக்கலாமா என்பதுதான் கேள்வி. அக்கேள்விக்கு விடை காண அமெரிக்கர்களுக்குப் பல தலைமுறைகள் ஆயின.

ராஜ்ய செனட்டுகள் தோன்றிய காலத்தில் அவை மக்கள் தொகையைப் பிரதிபலிக்க வேண்டும் என்று எல்லோரும் கருதவில்லை. 1780-ல் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யம் இயற்றிக்கொண்ட அரசியல் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எழுத்து வேலையில் முதன்மையான பங்கு கொண்டவர் ஜான் ஆடம்ஸ். அச்சட்டப்படி 40 செனட்டர்களும் அந்தந்தப் பகுதி செலுத்திய வரியின் அளவை ஒட்டிப் பங்கிடப்பட்டனர். கீழ்ச்சபை ஆட்களுக்காகவும் செனட் உடைமைக்காகவும் பேச வேண்டும் என்பது அக்காலத்துக் கருத்து. மக்கள் திரளின் ஆவேசத்தைச் சொத்துடையோரின் நிதானம் அடக்கி வைக்கும் என்று அறிஞர்களும் நம்பினார்கள்.

அதே மாஸச்சூஸெட்ஸில்தான் தொகுதி எல்லையைக் கொண்டே தேர்தலை வெல்லலாம் என்னும் வித்தைக்கு ஒரு பெயரும் கிடைத்தது. 1812-ல் அங்கே கவர்னராக இருந்தவர் எல்பிரிட்ஜ் கெர்ரி. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெருமக்களுள் ஒருவர் அவர். அவருடைய குடியரசுக் கட்சியினர் செனட் தொகுதிகளின் எல்லைகளைத் தமக்குச் சாதகமாக மாற்றி ஒரு மசோதாவை நிறைவேற்றினர். கவர்னர் அதற்குக் கையெழுத்திட்டார். எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் வரையப்பட்ட தொகுதி ஒன்று நீண்டு, வளைந்து, முறுகிக் கிடந்தது. 1812 மார்ச் 26-ஆம் தேதி பாஸ்டன் கெஜட் என்னும் பத்திரிகை அதன் படத்தை வெளியிட்டது. வரைந்தவர் அந்தத் தொகுதிக்குத் தலையும் சிறகும் நகமும் சேர்த்து ஒரு விசித்திரப் பிராணியாக்கியிருந்தார். சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரின் பெயரையும் கவர்னரின் பெயரையும் இணைத்து அதற்குக் கெர்ரிமாண்டர் என்று பெயர் சூட்டப்பட்டது. காலப்போக்கில் உச்சரிப்பு மாறி, ஜெர்ரிமாண்டர் என்று அச்சொல் ஆங்கில அகராதியிலும் இடம் பெற்றது.

வித்தை பலித்தது. அவ்வாண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியான பெடரலிஸ்டுகள் ராஜ்யம் முழுவதிலும் கூடுதலான வாக்குகளைப் பெற்றனர். ஆயினும் 40 செனட் இடங்களுள் 29 குடியரசுக் கட்சிக்கே கிடைத்தன. தொகுதிகளால் அன்றி ராஜ்ய மக்கள் அனைவராலும் தேர்ந்தெடுக்கப்படும் கவர்னர் பதவியை மட்டும் கெர்ரி இழந்தார். மறு ஆண்டில் அவர் நாட்டின் உபஜனாதிபதியானார்; 1814-ல் அப்பதவியிலிருக்கும்போதே காலமானார். சுதந்திரப் போரில் அவர் ஆற்றிய தொண்டைவிட, அவர் கையெழுத்திட்ட அந்த மசோதாவே அவர் பெயரை இன்றளவும் உலகுக்கு நினைவூட்டுகிறது.

எல்லையை மாற்றி அநீதி செய்வது ஒரு வகை. எல்லையை மாற்றாமலேயே அநீதி செய்வது மற்றொரு வகை. முன்னதற்குச் சூழ்ச்சி வேண்டும். பின்னதற்குச் சும்மா இருந்தாலே போதும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் பெரிதும் நடந்தது பின்னதுதான். கிராமங்களை விட்டு மக்கள் நகரங்களில் குடியேறினர். 1920-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் முதன்முறையாக நகரவாசிகள் நாட்டில் பெரும்பான்மையோராயினர். ஆனால் ராஜ்ய சட்டசபைகளில் இடங்கள் பழைய கணக்கிலேயே நின்றன. மறுபங்கீடு செய்யும் அதிகாரம் சட்டசபைக்கே இருந்தது. பழைய எல்லைகளால் பதவி பெற்றவர்கள் அந்த எல்லைகளை மாற்ற முன்வருவார்களா? தாம் அமர்ந்திருக்கும் கிளையைத் தாமே வெட்ட எவரும் விரும்புவதில்லை.

டென்னஸி ராஜ்யம் இதற்குத் தக்க சான்று. பத்தாண்டுக்கு ஒரு முறை மறுபங்கீடு செய்ய வேண்டும் என்று அதன் அரசியல் சட்டமே விதித்திருந்தது. எனினும் 1901-க்குப் பின் அறுபது ஆண்டுகள் அது நடைபெறவில்லை. மெம்பிஸ், நாஷ்வில் முதலிய நகரங்கள் பன்மடங்கு பெருகியும் அவற்றின் பங்கு பெருகவில்லை. ராஜ்ய வாக்காளர்களுள் 37 சதவீதத்தினர் 33 செனட்டர்களுள் 20 பேரைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்பட்டது. சாலைக்கும் பள்ளிக்கும் ராஜ்யம் பங்கிடும் பணத்தில் தமக்கு உரியது கிடைக்கவில்லை என்று நகர மக்கள் முறையிட்டனர். முறையீட்டைக் கேட்க வேண்டிய சபையோ கிராம ஜில்லாக்களின் கையில் இருந்தது.

நீதிமன்றத்துக்குப் போவது ஒன்றுதான் எஞ்சியிருந்த வழி. அந்த வழியும் அடைபட்டே இருந்தது. 1946-ல் இல்லினாய் ராஜ்யத்துக் காங்கிரஸ் தொகுதிகளைப் பற்றிய வழக்கில், நீதிமன்றம் அரசியல் புதருக்குள் புகலாகாது என்று நீதிபதி பிராங்க்பர்ட்டர் எச்சரித்திருந்தார். மக்கள் தம் சட்டசபையைத் தாமே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் அழகியதுதான். ஆனால் சட்டசபையைத் திருத்துவதற்குரிய வாக்கே மதிப்பிழந்து போயிருக்கும்போது மக்கள் எதைக் கொண்டு திருத்துவது?

மெம்பிஸ் நகரம் உள்ள ஷெல்பி ஜில்லாவைச் சேர்ந்த சார்லஸ் பேக்கர் என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கு இவ்வினாவை மீண்டும் சுப்ரீம் கோர்ட்டின் முன் வைத்தது. 1962 மார்ச் 26-ஆம் தேதி தீர்ப்பு வெளிவந்தது. கெர்ரிமாண்டர் படம் அச்சேறிச் சரியாக 150 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. தொகுதிப் பங்கீட்டால் சம பாதுகாப்பு மறுக்கப்படுவதாகக் குடிமகன் முறையிட்டால் நீதிமன்றம் அதை விசாரிக்கலாம் என்று ஆறு நீதிபதிகள் முடிவு செய்தனர், இருவர் மாறுபட்டனர். நீதிபதி பிரெனன் எழுதிய அத்தீர்ப்பு, எது சரியான பங்கீடு என்று சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தது. சில மாதங்களுக்குள்ளேயே பல ராஜ்யங்களிலிருந்து வழக்குகள் வந்து குவிந்தன.

அவற்றுள் தலையாயது அலபாமா ராஜ்யத்து வழக்கு. அங்கும் 1901-க்குப் பின் மறுபங்கீடு இல்லை. செனட்டில் 35 இடங்கள். எந்த ஜில்லாவுக்கும் ஓர் இடத்துக்கு மேல் இல்லை. பர்மிங்ஹாம் நகரை உள்ளடக்கிய ஜெபர்ஸன் ஜில்லாவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்; அவர்களுக்கு ஒரு செனட்டர். லௌண்டஸ் ஜில்லாவில் 15,417 மக்கள். அவர்களுக்கும் ஒரு செனட்டர். அதாவது, லௌண்டஸில் ஒருவர் பெற்றிருந்த பிரதிநிதித்துவம் பர்மிங்ஹாமில் நாற்பது பேருக்கு மேல் பகிர்ந்துகொள்ள வேண்டிய அளவினதாக இருந்தது. ராஜ்ய ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்கினர் செனட்டின் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுத்துவிட முடியும்.

இந்தக் கணக்கின் உள்ளே மற்றொரு கணக்கும் மறைந்திருந்தது. லௌண்டஸ் ஜில்லா மக்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவர். 1965-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அவர்களுள் ஒருவர் பெயரும் வாக்காளர் பட்டியலில் இல்லை. எனவே அந்தச் செனட்டர் 15,417 பேருக்கும் பிரதிநிதி என்பது ஏட்டில் எழுதிய கணக்கு. உண்மையில் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த ஜில்லாவின் சிறுபான்மை வெள்ளையர்களே. வாக்கில்லாத மக்களின் தலைகளையும் எண்ணி இடத்தைப் பெற்று, அவர்களுக்கு வாக்களிக்க மறுப்பதற்கே அந்த இடம் பயன்பட்டது.

1964 ஜூன் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், பிரதம நீதிபதி எர்ல் வாரன் எழுதிய தீர்ப்பை வழங்கியது. ராஜ்ய சட்டசபையின் இரு சபைகளும் ஜனத்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்பது அதன் சாரம். சட்டசபை உறுப்பினர் மக்களுக்குப் பிரதிநிதியே அன்றி மரங்களுக்கும் வயல்களுக்கும் அல்லர் என்று வாரன் விளக்கினார். எதிர்த்தரப்பார் ஒரு வலிய வாதத்தை முன்வைத்திருந்தனர். வாஷிங்டனில் உள்ள செனட்டில் பெரிய ராஜ்யத்துக்கும் சிறிய ராஜ்யத்துக்கும் இரண்டு இடங்கள்தாமே? அவ்வாறே ராஜ்ய செனட்டில் பெரிய ஜில்லாவும் சிறிய ஜில்லாவும் சமமாக இருந்தால் என்ன? நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ராஜ்யங்கள் தம் இறைமையை ஓரளவு விட்டுக்கொடுத்து, உடன்பாடு செய்துகொண்டு ஒன்றுபட்டவை. அவற்றின் சமத்துவம் அந்த உடன்பாட்டின் விலை. ஜில்லாக்களுக்கு அத்தகைய இறைமை எக்காலத்தும் இருந்ததில்லை. நிர்வாக வசதிக்காக ராஜ்யமே வகுத்துக்கொண்ட பிரிவுகள் அவை.

அதே நாளில் வேறு ஐந்து ராஜ்யங்களைப் பற்றிய தீர்ப்புகளும் வந்தன. அவற்றுள் கொலராடோ வழக்கு சிந்தனைக்குரியது. அங்கே 1962-ல் வாக்காளர்களே பொது வாக்கெடுப்பில் சமமற்ற செனட் முறையை ஏற்றிருந்தனர். பெரும்பான்மையோர் விரும்பினாலும் ஒரு தனிமனிதனின் சம உரிமையை வாக்கெடுப்பால் பறிக்க இயலாது என்று கோர்ட் அதனையும் தள்ளியது.

வாரனின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. அவர் பிரதம நீதிபதியாவதற்கு முன் பத்தாண்டு காலம் கலிபோர்னியாவின் கவர்னராக இருந்தவர். அந்த ராஜ்யத்தில் 1926-ல் ஏற்பட்ட திட்டப்படி எந்த ஜில்லாவுக்கும் ஒரு செனட்டருக்கு மேல் இல்லை. 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜில்லாவின் அறுபது லட்சம் மக்களுக்கு ஒரே செனட்டர். மலைப்புறத்துத் தொகுதி ஒன்றில் 14,294 பேருக்கும் ஒரே செனட்டர். ஏறத்தாழ 420 மடங்கு வேறுபாடு! 1948-ல் இம்முறையை மாற்ற முயற்சி நடந்தபோது கவர்னர் வாரன் அதை எதிர்த்துப் பேசினார். பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில், அன்று தாம் கொண்ட நிலை தவறானது என்று அவர் ஒளிவின்றி எழுதினார். தம் காலத்துத் தீர்ப்புகளுள் டென்னஸி வழக்கையே மிக முக்கியமானதாகவும் அவர் மதித்தார். பள்ளிகளில் நிறவேற்றுமையை ஒழித்த 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவர் எழுதியதே என்பதை எண்ணினால், அவர் கருத்தின் கனம் விளங்கும்.

தீர்ப்பை எதிர்த்தோர் அனைவரும் தன்னலக்காரர் அல்லர். விளைநிலமும் காடும் சுரங்கமும் உள்ள பரந்த பகுதிகளின் குரல் நகரங்களின் ஆரவாரத்தில் அமுங்கிவிடும் என்று பலர் மெய்யாகவே அஞ்சினர். நீதிபதி ஹார்லன், ராஜ்யங்கள் தம் சபைகளை அமைத்துக்கொள்ளும் உரிமையில் நீதிமன்றம் தலையிடுவதாகக் கூறித் தனித்து நின்று மாறுபட்டார். செனட்டர் எவரெட் டிர்க்ஸன் அரசியல் சட்டத்தையே திருத்த முயன்றார். 1965-லும் 1966-லும் அவர் தீர்மானம் வாஷிங்டன் செனட்டில் பெரும்பான்மை பெற்றும், தேவையான மூன்றில் இரு பங்கை எட்டவில்லை. பின்னர் ராஜ்யங்களின் வேண்டுகோளால் அரசியல் நிர்ணய மகாநாடு ஒன்றைக் கூட்டும் முயற்சி நடந்தது. அதற்குத் தேவைப்பட்ட 34 ராஜ்யங்களுக்கு மிக அருகில் வந்து, அம்முயற்சியும் நின்றது. 1969-ல் டிர்க்ஸன் மறைந்தார். அதற்குள் பெரும்பாலான ராஜ்யங்களில் புதிய எல்லைகளின்படி தேர்தல் நடந்து, புதிய உறுப்பினர்கள் சபையில் அமர்ந்துவிட்டனர்.

அப்புதியவர்கள் யார் என்று பார்த்தால்தான் இம்மாறுதலின் பொருள் தெளிவாகும். ஜியார்ஜியா ராஜ்யத்தில் முன்பு பெரும்பாலான செனட் தொகுதிகள் மும்மூன்று ஜில்லாக்களாக அமைந்து, செனட்டர் பதவி அவற்றுக்குள் முறைவைத்துச் சுழன்று வந்தது. 1962-ல் நீதிமன்ற ஆணையால் அம்முறை ஒழிந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் அட்லாண்டா நகரிலிருந்து லெராய் ஜான்ஸன் என்னும் வழக்கறிஞர் வென்றார். அரை நூற்றாண்டுக்கு மேல் கறுப்பினத்தவர் ஒருவரும் இடம்பெறாத ஜியார்ஜியா சட்டசபையில் அவர் காலடி வைத்தார்.

அதே தேர்தலில், அந்த ராஜ்யத்தின் தென்மேற்கே நிலக்கடலை விவசாயி ஒருவர் புதிய செனட் தொகுதி ஒன்றில் போட்டியிட்டார். முதல் எண்ணிக்கையில் அவர் தோற்றார். குவிட்மன் ஜில்லாவில் ஒரு வாக்குச் சாவடியில், வாக்களிக்க வந்தோரைவிடப் பெட்டியிலிருந்த சீட்டுகள் மிகுதியாயிருந்தன. இறந்தவர் பெயரிலும் வாக்குகள் விழுந்திருந்தன. அவர் வழக்காடினார், அந்தப் பெட்டி தள்ளப்பட்டது, முடிவில் வெற்றி அவருடையதாயிற்று. அவர்தாம் ஜிம்மி கார்ட்டர். ராஜ்ய செனட்டராகத் தொடங்கிய அவர் 1971-ல் கவர்னராகவும் 1977-ல் நாட்டின் ஜனாதிபதியாகவும் பதவியேற்றார். கோட்டை வரைவதோடு நீதி முடிந்துவிடுவதில்லை, பெட்டியையும் காக்க வேண்டும் என்பதை அவர் தம் முதல் தேர்தலிலேயே கண்டுகொண்டார்.

டெக்ஸாஸ் ராஜ்யத்தின் ஹூஸ்டன் நகரில் பார்பரா ஜோர்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1962-லும் 1964-லும் ராஜ்யக் கீழ்ச்சபைக்குப் போட்டியிட்டார். ஜில்லா முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்த காலம் அது, இருமுறையும் தோற்றார். ஜில்லாவுக்கு ஒரே செனட்டர் என்னும் விதி மறைந்து, ஹூஸ்டன் பகுதி பல செனட் தொகுதிகளாகப் பிரிந்ததும், 1966-ல் ராஜ்ய செனட்டுக்கு வெற்றி பெற்றார். 1883-க்குப் பின் அச்சபையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் காங்கிரஸுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய அறிவும் நாவன்மையும் 1962-லும் அவரிடம் இருந்தவையே. இடையில் மாறியது தொகுதியின் எல்லை. அலபாமாவிலும் 1974-ல் ஜெபர்ஸன் ஜில்லாவிலிருந்து யூ. டபிள்யூ. கிளெமன் செனட்டுக்கு வந்தார். நெடுங்காலத்துக்குப் பின் அச்சபைக்குள் புகுந்த முதல் இரு கறுப்பினத்தவருள் அவர் ஒருவர்.

எண்ணிக்கை சமமானால் எல்லாம் சமமாகிவிடும் என்று சிலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு ஆகவில்லை. சம எண்ணிக்கையுள்ள தொகுதிகளையும் ஒரு கட்சிக்குச் சாதகமாக வளைக்கலாம். எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் அடைத்துவிடலாம். அல்லது எங்கும் பெரும்பான்மை கிட்டாதவாறு சிதறடிக்கலாம். கெர்ரியின் காலத்தில் கையால் செய்ததை இன்று கணிப்பொறி தெருவாரியாகக் கணக்கிட்டுச் செய்கிறது. கட்சி ஆதாயத்துக்காக வரையும் எல்லைகளை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு செய்தது. எனவே போராட்டம் ராஜ்யங்களுக்குத் திரும்பியது. கலிபோர்னியா மக்கள் 2008-லும் மிச்சிகன் மக்கள் 2018-லும் பொது வாக்கெடுப்பின் மூலம் சட்டசபையின் கையிலிருந்து எல்லை வரையும் வேலையை எடுத்து, குடிமக்கள் கமிஷனிடம் ஒப்படைத்தனர். விஸ்கான்ஸினில் 2023 டிசம்பரில் ராஜ்ய சுப்ரீம் கோர்ட், தொகுதியின் நிலப்பகுதி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்னும் விதியைக் காட்டிச் சட்டசபைத் தொகுதி வரைபடத்தைத் தள்ளியது. 2024-ல் புதிய வரைபடம் வந்தது.

யாரை எண்ணுவது என்னும் வினாவும் எழுந்தது. வாக்குரிமை உள்ளவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்று டெக்ஸாஸ் செனட் தொகுதிகளைப் பற்றி ஒரு வழக்கு வந்தது. குழந்தைகள் உள்ளிட்ட மக்கள் அனைவரையும் எண்ணித் தொகுதி வகுப்பது சட்டத்துக்குப் பொருந்துவதே என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாக்களிக்கும் வயதை எட்டாத குழந்தைக்கும் பள்ளிக்கூடம் வேண்டுமன்றோ?

நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் இத்துறையில் வேறு பாதையைத் தேர்ந்துகொண்டனர். ஒரு ராஜ்யத்தின் சட்டசபைத் தொகுதிகளில் ஜனத்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் இயன்ற வரை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று 170-ஆவது பிரிவில் தொடக்கத்திலேயே எழுதிவைத்தனர். எல்லை வரையும் வேலை சட்டசபைகளிடம் விடப்படவில்லை. அதற்கெனத் தனிச் சட்டத்தால் அமைக்கப்படும் கமிஷன்கள் அதைச் செய்து வந்துள்ளன. அன்றியும், 329-ஆவது பிரிவு தொகுதி வரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தின் கேள்விக்கு அப்பால் வைத்தது. அமெரிக்கர் நீதிமன்றத்தின் துணையால் அடைந்ததை நாம் நீதிமன்றத்தை விலக்கி வைத்து நாடினோம். இரு வழியிலும் அடிப்படை நோக்கம் ஒன்றே: தன் ஆசனத்தின் எல்லையைத் தானே வரைந்துகொள்ளும் உரிமை பதவியில் இருப்பவருக்குக் கூடாது என்பது.

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒரு முறை, பூஜ்யத்தில் முடியும் ஆண்டில் குடிமதிப்பு எடுக்கப்படுகிறது. அதன் கணக்கு வெளிவந்ததும் ஐம்பது ராஜ்யங்களிலும் வரைபடங்கள் மீண்டும் விரிக்கப்படுகின்றன. ஒரு தெரு இந்தத் தொகுதியைச் சேர்ந்ததா, அடுத்ததைச் சேர்ந்ததா என்று அறையினுள் சிலர் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர் தேர்தல் நாளன்று வரிசையில் நின்று வாக்களிப்பதற்கு முன்பே, அவருடைய வாக்கின் மதிப்பில் ஒரு பகுதி அங்கே முடிவாகிவிடுகிறது. அந்த அறையின் கதவு திறந்திருக்கிறதா என்று கவனிப்பதும் குடிமகனின் கடமைகளுள் ஒன்றாகும்.